காணி என்று அக்கா சொன்னது

1

அம்மாவின் முதலாம் வருட ஆட்டைத் திவசம் இங்கே, இங்கிலாந்தில், ஒரு வேலை நாளில் வந்தது. நான் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். மேற்பார்வையாளரிடம் லீவு கேட்டேன். தாய் எப்போது இறந்தார் என்று அனுதாபத்தோடு விசாரித்தார். போன வருடம் என்றேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். போன வருடம் இறந்தவருக்கு இந்த வருடம் எதற்கு லீவு என்பதை விளக்க என்னிடம் ஆங்கிலம் போதவில்லை. கடைசியில் ஓர் ஐரிஷ்காரரோடு முறை மாற்றிக்கொண்டு மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் மனைவி கமலா காலையிலேயே குளித்துச் சமைத்து முடித்திருந்தார். கோவாவும் உருளைக்கிழங்கும் பருப்பும். இந்த ஊரில் மாசி மாதத்தில் வேறு மரக்கறி கிடையாது. அம்மாவின் படத்துக்கு முன்னால் படைத்துவிட்டுப் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டோம். மூத்தவள் வசந்தி, பத்து வயதாகப் போகிறது. கைக்குழந்தையாக இங்கே வந்தவள். இளையவன் இரவி இங்கேயே பிறந்தவன். இரண்டாம் முறை சோறு போடக் கமலா குனிந்தபோது இரவி தட்டின்மேல் கையை விரித்து மறைத்து, "எனக்குக் காணி, அம்மா, காணி" என்றான்.

போதும் என்பதற்குப் பதிலாகக் காணும் என்று சொல்வது எங்கள் வழக்கம். அதைத்தான் அவன் சொல்ல வந்தான். வாய் தவறிவிட்டது. கமலா சிரித்தார். வசந்தி பெரிய மனுஷி மாதிரி அவனைத் திருத்தினாள். திருத்திவிட்டு, "அப்ப காணி எண்டால் என்ன, அப்பா?" என்று கேட்டாள்.

நிலம் என்றேன். வயலா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வயல் மட்டுமில்லை. தோட்டமா என்றாள். அதுவும் இல்லை. பஸ்ஸில் போகும்போது பார்த்த பண்ணை மாதிரியா என்றாள். சாப்பிடு, பிறகு சொல்கிறேன் என்றேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஆளுக்கு ஒன்றாக இருந்தது. அன்றைக்குப் பின்னேரம் அம்மாவின் படத்துக்கு முன்னால் இருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

யாழ்ப்பாணத்தில் நாங்கள் இருந்த பக்கத்தில் காணி பெண்ணோடு போவது. கலியாணம் பேச வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்குமுன் காணி எங்கே, எத்தனை பரப்பு, கிணற்றில் பங்கு உண்டா என்று கேட்பார்கள். அம்மா ஐயாவுக்கு வாழ்க்கைப்பட்டபோது இரண்டு பரப்புப் பனங்காணி அவரோடு வந்தது. முறைப்படி அது பிறகு எங்கள் மணியக்காவுக்குப் போகவேண்டியது. அக்கா என்னிலும் நாலு வயது மூப்பு. எங்கள் வீட்டில் பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர்.

ஐயாவுக்கென்று ஒரு சாண் நிலமும் இருக்கவில்லை. மற்றவர்களுடைய புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைப்புக்குப் போனார். நான் படிப்பில் கெட்டிக்காரன் என்று வாத்தியார் சொன்னதை நம்பி, அம்மாவின் காணியை விற்று என்னைப் பட்டணத்துப் பள்ளிக்கூட விடுதியில் சேர்த்தார். மிச்சத்துக்கு ஒரு சோடி எருது வாங்கினார். அக்காவிடம் அதைப் பற்றி யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பள்ளிக்கூடத்தில் பழைய எண்சுவடியில் காணி என்பது ஒரு கணக்கு. ஒன்றை எண்பதாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு காணி. ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடிய அளவு. அதை நான் மனப்பாடம் செய்துகொண்டிருந்த நாட்களில்தான், வன்னியில் அரசாங்கம் காணி கொடுக்கிறது என்ற கதை எங்கள் ஊருக்கு வந்தது. ஐம்பதாம் ஆண்டுகளின் தொடக்கம் அது. ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கான பரப்புக் கணக்கில் நினைத்துப் பழகிய ஐயா ஏக்கர்க் கணக்கைக் கேட்டு முதலில் நம்பவில்லை. கிளிநொச்சியில் காணி கொடுக்க ஆள் தெரிவு செய்கிற காணிக் கச்சேரி கூடியபோது போய் வரிசையில் நின்றார். காணி இல்லாதவன் என்று நிரூபித்தவனுக்குத்தான் அங்கே காணி. அந்தத் தகுதி ஐயாவிடம் குறைவில்லாமல் இருந்தது.

இரணைமடு வாய்க்கால் பாய்கிற குடியேற்றத் திட்டத்தில் ஒரு துண்டு எங்களுக்குக் கிடைத்தது. வயல் செய்யப் பள்ளக்காணி, வீடு வைக்க மேட்டுக்காணி. உறுதிப் பத்திரம் கிடையாது, பெர்மிற் மட்டும். விற்க ஏலாது. ஈடு வைக்க ஏலாது. பிரிக்க ஏலாது. இருந்து கமம் செய்யலாம். செய்யாமல் விட்டால் எடுத்துவிடுவார்கள்.

3

நான் விடுதியில் இருந்தேன். ஐயாவும் அம்மாவும் அக்காவும் வன்னிக்குப் போனார்கள். பாலையும் முதிரையும் நின்ற காடு அது. பெரிய மரங்களை ஐயா கூலிக்கு ஆள் வைத்து விழுத்தினார். பற்றையை வெட்டியதும் அடிக்கட்டைகளைக் கிளப்பியதும் வேரைப் பொறுக்கி எரித்ததும் அக்காவும் அம்மாவும். அம்மாவுக்குக் குலைப்பன் என்ற மலேரியாக் காய்ச்சல் வந்து விட்டு விட்டு அடித்த மாதங்களில் அக்கா தனியே. அவருக்கு அப்போது இருபது வயது. யானை வந்துவிட்டுப் போன விடியற்காலைகளில் முதலில் போய் வரம்பைப் பார்த்தவரும் அவர்தான் என்று அம்மா சொல்வார்.

அக்கா ஒருநாளும் காடு வெட்டினோம் என்று சொன்னதில்லை. காணி வெட்டினோம் என்றுதான் சொல்வார். வெட்டும்போது அது காடுதானே என்று நான் ஒருமுறை படித்த திமிரில் திருத்தினேன். "உனக்குக் காடு" என்றார். அவ்வளவுதான். வயல், வளவு, தோட்டம் என்று நாங்கள் பிரித்துச் சொல்கிற எல்லாம் அவருக்குக் காணி. காணிக்குப் போறன் என்பார். காணி நனைஞ்சிட்டுது என்பார். ஐயாவோடு ஏதும் கோபமென்றால், காணிக்கு என்ன வந்தது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்.

லீவுக்குப் போகும்போது எனக்கு எல்லைக் கல் எங்கே இருக்கிறதென்று தெரியாது. பக்கத்துக் காணிக்குள் நடந்துபோய் அவர்களுடைய நாயிடம் மாட்டிக்கொண்டேன். அக்கா வந்து கூட்டிக்கொண்டு போனார். அந்த வீட்டுக்காரர் அக்காவிடம், இது ஆர் விருந்தாளி என்று கேட்டார்.

அப்படி ஒரு லீவில்தான் காணி உத்தியோகத்தர் ஜீப்பில் வந்தார். பெர்மிற்றை நிரந்தரமாக எழுதுமுன் ஒரு விபரம் தேவைப்பட்டது. ஐயாவுக்கும் அம்மாவுக்கும் பிறகு காணி யாருக்கு? ஒரு பெயர்தான் போடலாம். இருந்த ஒரே கதிரையில் உத்தியோகத்தர் இருந்தார். ஐயா நின்றுகொண்டு, "மகனுக்கு" என்றார். மகள் இருக்கிறாவே என்று அவர் கேட்டார். கட்டிக்கொடுத்தால் போய்விடுவாள் என்று ஐயா சொன்னார். நான் இங்கிலீஷ் எழுதுவேன் என்று தெரிந்து, பெயரை நீரே எழுதும் என்று உத்தியோகத்தர் பேனையைத் தந்தார். நான் வாங்கி, பள்ளிக்கூடத்தில் பழக்கிய வடிவான எழுத்தில், என் முழுப்பெயரையும் எழுதினேன். குசினிக்குள்ளிருந்து அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அக்காவைக் கட்டிக்கொடுக்கவும் இல்லை. பேசிவந்தவர்கள் இரண்டு மூன்று பேர். யாழ்ப்பாணத்துக் காணி விற்றாயிற்று. இங்கே இருக்கிற காணியில் பெண்ணின் பெயருக்கு ஒரு துண்டு பிரித்து எழுதலாமா என்று கேட்டார்கள். சட்டத்தில் இடமில்லை என்று ஐயா சொன்னார். அவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

பெண்ணோடு போகிற காணி யாழ்ப்பாணத்தில் எனக்காக விற்கப்பட்டது. வன்னியில் கிடைத்த காணி ஆணோடு போனது. இரண்டு பக்கத்தாலும் அக்காதான் வெளியே நின்றார். நான் எதையும் கேட்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் இரண்டும் என்னிடம்தான் வந்து சேர்ந்தன. இதை விளங்கிக்கொள்ள எனக்கு எத்தனையோ வருடமும் ஒரு கடலும் தேவைப்பட்டது.

4

நான் கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் லிகிதராக இருந்தபோது ஐயா காலமானார். காணி அம்மாவின் பொறுப்புக்கு வந்தது. செய்தது அக்கா. சிங்களம் படித்துப் பாஸ் பண்ணினால்தான் உத்தியோகத்தில் மேலே போகலாம் என்ற சட்டம் வந்த பிறகு, என்னைப் போன்ற பலர் கடல் தாண்டப் பார்த்தார்கள். நானும் கமலாவையும் கைக்குழந்தை வசந்தியையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

கிளிநொச்சி ஸ்ரேசனுக்கு அக்கா வழியனுப்ப வந்தார். வயலில் இருந்து நேரே வந்தவர். காலில் சேறு காய்ந்திருந்தது. "போட்டு வா. காணியை நான் பாக்கிறன்" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். என்னுடைய காணியை அவர் பார்த்துக்கொள்வார் என்று என் மனம் அதை மொழிபெயர்த்தும்விட்டது.

இங்கே வந்த பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான் எழுதுவேன். குளிர், வேலை, பிள்ளைகள். அக்காவிடமிருந்து இரண்டு வரியில் பதில் வரும். அம்மா சுகம். விதைப்பு முடிந்தது. அல்லது, வெட்டு முடிந்தது. ஒரு கிறிஸ்மஸுக்கு அக்காவுக்குக் கம்பளிச் சட்டை வாங்கி அனுப்பினேன். கிளிநொச்சி வெயிலுக்குக் கம்பளிச் சட்டை. கமலா கேட்டபோதுதான் யோசித்தேன். அக்கா அதற்கும் இரண்டு வரி எழுதினார். சட்டை வந்தது. நல்ல சட்டை.

போன வருடம் தந்தி வந்தது. விமானத்துக்கு ஒழுங்குபண்ணி நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல்நாள். எரித்த இடத்தைக்கூட நான் பார்க்கவில்லை. அக்கா மெலிந்து கறுத்திருந்தார். என்னைக் கண்டதும் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டனியோ என்று கேட்டார். நெல் அரிவு வெட்டுக் காலம். அந்தியேட்டி முடிந்த மறுநாள் கூலிக்காரரோடு வயலுக்குள் இறங்கிவிட்டார்.

காணி விஷயத்தை என்னிடம் சொன்னது பக்கத்துக் காணிக்காரர். அம்மாவும் போனபடியால் பெர்மிற்றில் பெயருள்ளவன் நான். குறித்த தவணைக்குள் வந்து காணியில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் என் உரிமை போய்விடும் என்றார். அக்கா ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டேன். "அவா எப்பிடித் தம்பி கேப்பா?" என்றார் அவர்.

5

நானும் அக்காவும் பஸ் ஏறிக் காணிக் கந்தோருக்குப் போனோம். எல்லாம் இலேசாக முடியும் என்று நினைத்தேன். எனக்கு வேண்டாம், அக்காவின் பெயருக்கு எழுதுங்கோ என்று சொல்லப்போகிறேன். போகும் வழியில் அதை அக்காவிடம் சொன்னேன். அவர் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்சம் தாராள மனத்தோடு நான் அந்தப் பஸ்ஸில் இருந்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

கந்தோரில் இருந்தவர் இளம் உத்தியோகத்தர், தமிழர், மரியாதையானவர். எனக்கும் அக்காவுக்கும் கதிரை தந்தார். நீங்கள் வந்து காணியில் இருப்பியளோ என்று கேட்டார். இல்லை, அக்காவுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அப்படிக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். நான் வேண்டாம் என்று மட்டும்தான் சொல்லலாம். சொன்னால் அது அக்காவுக்குப் போகாது. ஆண்மக்கள், அவர்களுக்குப் பிறகு பேரப் பெடியன்கள், அதற்குப் பிறகுதான் பெண்மக்கள். எனக்கு மகன் இருக்கிறானா என்று கேட்டார்.

இருக்கிறான், ஏழு வயது என்றேன். இங்கிலாந்தில் பிறந்தவன், இந்த நாட்டையே கண்டதில்லை. அதனால் என்ன, சட்டப்படி அடுத்தது அவர்தான் என்றார் உத்தியோகத்தர்.

அக்கா கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார்.

"அப்ப நான் எத்தினையாவது, ஐயா?" என்று கேட்டார்.

அவர் மேசையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். பார்க்கத் தேவையில்லை, ஆனாலும் பார்த்தார். "மூண்டாவது, அக்கா."

எனக்கும் வேண்டாம், மகனுக்கும் வேண்டாம் என்று இரண்டு அறிவித்தல் எழுதிக் கையெழுத்து வைத்தால் பாதை திறக்கும் என்றார். அவரே எழுதித் தந்தார். என்னுடையதில் உடனே கையெழுத்து வைத்தேன். மற்றதில் இரவியின் பெயர் இருந்தது. இந்தப் பிள்ளைக்கோ இவனுடைய சந்ததிக்கோ இந்தக் காணியில் விருப்பமில்லை என்ற மாதிரி ஒரு வசனம்.

என் கை நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. இரவி வந்து அந்தச் சேற்றில் இறங்குவான் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அவன் தண்ணீரைக்கூட இங்கிலீஷில்தான் கேட்பான். ஆனாலும் அவனுக்கு ஒரு காணி இருக்கிறது என்பது ஒன்று, இல்லை என்று நானே எழுதுவது வேறொன்று. அவனைக் கேட்காமல் எப்படி எழுதுவது என்று ஒரு நியாயம் வாயில் வந்தது. இதை யோசித்துச் சொல்லலாமா என்று உத்தியோகத்தரிடம் கேட்டேன். தாராளமாக, அடுத்த கிழமை வாங்கோ என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அக்காவின் கதிரை வெறுமையாக இருந்தது. வெளியே பஸ் நிற்கிற இடத்தில், வெயிலில், சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்.

6

அன்று முழுதும் அக்கா என்னோடு கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டார், குளிக்கத் தண்ணீர் அள்ளி வைத்தார். அந்தப் பணிவிடைதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. மறுநாள் மத்தியானம் கூலிக்காரர் சாப்பிட ஒதுங்கியபோது நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரம்பால் நடந்து அவரிடம் போனேன். வெட்டிய நெல்தாள் காலில் குத்தியது. அக்கா மரநிழலில் இருந்து அரிவாளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நேற்று ஏன் நிண்டனி?" என்று அவரே கேட்டார்.

அவனுடையதை நான் எப்படி எழுதுவது, வளர்ந்தபிறகு கேட்டால் என்ன சொல்வது என்று தொடங்கினேன்.

"கேப்பான் எண்டு நினைக்கிறியோ?"

"இல்லை."

"அப்ப?"

அவர் அரிவாளைப் பக்கத்தில் வைத்தார்.

"ஐயாவும் நிண்டவர், தம்பி. அண்டைக்கு அந்த மனுசன் ஜீப்பிலை வந்து, பிறகு காணி ஆருக்கு எண்டு கேக்கேக்கை, ஐயா உடனை சொல்லேல்லை. கொஞ்சம் நிண்டவர். நான் குசினிக்குள்ளை கேட்டுக்கொண்டு இருந்தனான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளை என்ரை பேர் வரும் எண்டு நினைச்சனான். ஐயாவுக்கு என்ரை பேர் நினைவிலை வந்தது. எனக்கு அது தெரியும். பிறகுதான் மகன் எண்டவர்."

நானும் அந்த இடத்திலேதான் நின்றேன். ஐயா தயங்கியது என் காதில் விழவேயில்லை.

காணி உனக்குத்தான் என்று நான் நேற்றே சொன்னேனே, தருகிறேன் என்று சொன்னேனே என்றேன். அழுகை வந்தது. அக்கா என்னைத் தேற்ற வரவில்லை.

"தாறன் எண்டு சொல்லாதை. நீ தாறதுக்கு இது உன்னட்டை எப்ப வந்தது? வழியிலை நிண்டனி. விலகினால் காணும்."

கூலிக்காரர் திரும்பி வந்தார்கள். அவர் எழும்பிப் போய் வெட்டத் தொடங்கினார்.

7

அடுத்த கிழமை மீண்டும் போனோம். இரவியின் அறிவித்தலில் தகப்பன் என்ற இடத்தில் கையெழுத்து வைத்தேன். இந்த முறை கை நிற்கவில்லை. ஆனால் நிற்காமல் விட்டதற்கு ஒரு பெருமையும் இல்லை. ஒரு கிழமைக்கு முதல் அது நின்றதை அக்கா பார்த்தாயிற்று. நல்ல காரியத்தைச் செய்துவிட்டுக் குற்றவாளியாக எழும்பிவருவது எப்படி என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

உத்தியோகத்தர் அக்காவின் விண்ணப்பத்தை அப்போதே எழுதினார். கமம் செய்த அனுபவம் எத்தனை வருடம் என்று கேட்டார். காணியை வெட்டின நாள் முதல் என்றார் அக்கா. அவர் எழுதிக்கொண்டார். பிறகு அதே பழைய கேள்வி வந்தது. உங்களுக்குப் பிறகு ஆர்?

கட்டாயம் சொல்லவேணுமோ என்று அக்கா கேட்டார். சொல்லாவிட்டால் சட்டம் தன் வரிசையில் தேடும், சுற்றி வந்து தம்பியிடமும் தம்பியின் மகனிடமும்தான் திரும்பவும் நிற்கும் என்றார் உத்தியோகத்தர். அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப எழுதுங்கோ. வசந்தி."

நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அது ஆர், அக்கா?"

"இவன்ரை மகள். மூத்தவள்."

"அவாவும் அங்கைதானே. வந்து கமம் செய்வாவோ?"

"வரமாட்டா. எனக்குத் தெரியும்."

உத்தியோகத்தர் பேனையை வைத்துவிட்டார். வராத ஆளின் பெயரை எழுதி என்ன பிரயோசனம், பிறகு இதே கரைச்சல்தானே என்று ஆறுதலாகச் சொன்னார். அக்கா மேசையில் கையை வைத்தார். வெட்டுக்காலத்தில் கீறுப்பட்ட கை.

"இவ்வளவு காலமும் நான் காணிக்குள்ளை நிண்டனான், ஐயா. என்ரை பேரை ஒருத்தரும் எழுதேல்லை. காணியைக் காணாத பெடியன்ரை பேர் எனக்கு முன்னுக்கு நிண்டது. அந்த இடத்திலை ஒரு பொம்பிளைப்பிள்ளையின்ரை பேர் ஒருக்கா இருக்கட்டும். பிறகு அவள் வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு அவளே சொல்லட்டும். அவளை ஒருக்கா கேட்டவை எண்டாவது இருக்கும்."

முழுப்பெயரை எப்படி எழுதுவது என்று உத்தியோகத்தர் என்னிடம் கேட்டார். நான் எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

எனக்கு லீவு முடிந்தது. ஸ்ரேசனுக்கு அக்கா வரவில்லை. நெல்லுச் சூடு அடிக்கிற நாள், ஆட்களை விட்டுவிட்டு வரமுடியாது என்றார். அது உண்மைதான்.

8

மாரி மழைக்குச் செய்கிற காலபோக விதைப்புக்கு முன்னமே பெர்மிற் அக்காவின் பெயருக்கு வந்துவிட்டது. அறிவித்த கடிதத்தில் இரண்டே வரி. பெர்மிற் வந்தது. மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறன்.

வசந்தியிடம் நான் சொல்லவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஒரு வருடம் போனது. ஆட்டைத் திவசத்தன்று அவள் கேட்ட கேள்விக்குப் பிறகு ஒளிக்க முடியவில்லை. அன்று பின்னேரமே அவளைக் கூப்பிட்டு, பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னேன். காடு, என் அக்காவான அவளுடைய மாமி, பெர்மிற், அவளுடைய பெயர்.

நான் அங்கே போய் இருக்கவேணுமா என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. வேண்டாம் என்றேன். அவள் முகம் தெளிந்தது. அதைப் பார்த்து எனக்கும் ஒரு பாரம் இறங்கியது. அந்த நிம்மதியை நினைத்து அன்றிரவு வெட்கப்பட்டேன். பிள்ளை பயந்ததில் தவறில்லை. நான் ஆறுதலடைந்ததுதான் உறுத்தியது.

இரண்டு நாளுக்குப் பிறகு அவள் மாமிக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்தாள். ஆங்கிலத்தில், பள்ளிக்கூடக் கொப்பித் தாளில். பெயரைப் போட்டதற்கு நன்றி, எனக்குக் காணியைப் பற்றி ஒன்றும் தெரியாது, நீங்கள் காலையில் எழும்பினால் அங்கே முதலில் என்ன செய்வீர்கள், பயமில்லையா என்று கேட்டிருந்தாள். அதைத் தமிழில் மாற்றி எழுதி அனுப்பினேன். கீழே என்னுடையதாக ஒரு வரி சேர்க்க நினைத்தேன். என்ன எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

போன சனிக்கிழமை பதில் வந்தது. மேலே வசந்திக்கு என்று இருந்தது. பிரித்துப் பார்த்தால் நாலு பக்கம், இரண்டு தாளில் முன்னும் பின்னும் நெருக்கி எழுதியது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என் அக்கா. எழும்பினவுடன் வாய்க்கால் மடையைத் திறக்கப் போவது, பக்கத்துக் காணிக்காரரோடு தண்ணீர் முறைக்குச் சண்டை பிடிப்பது, நெல்லுக்குள் பன்றி இறங்கினால் எந்தப் பக்கத்தால் கலைப்பது, முதலில் வெட்டிய பாலைமரத்தின் அடிக்கட்டையைக் கிளப்ப முடியாமல் இன்னும் மேட்டுக்காணியில் விட்டிருப்பது, தனியே இருக்கும்போது பயம் வருவதுண்டு, வந்தால் விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு பலமாகப் பாடுவது.

அக்கா பாடுவார் என்பது எனக்குத் தெரியாது.

வசந்திக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் நான் வாசித்து ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனேன். சில சொற்களில் நின்று நின்று போனேன். எனக்கு இத்தனை வருடமாக இரண்டு வரி எழுதியவர் இவர்தான். நான் எழுதிய எந்தக் கடிதத்திலாவது நீ காலையில் எழும்பி என்ன செய்கிறாய் என்று கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. நாலு பக்கத்திலும் என் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

முடித்ததும், இதெல்லாம் நீங்களும் செய்தனீங்களா அப்பா என்று வசந்தி கேட்டாள்.

"இல்லை, பிள்ளை. அக்காதான் செய்தவா."

அவள் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினாள். வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளின்மேல் கொஞ்ச நேரம் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்து, மாமி என்று தமிழில் எப்படி எழுதுவது, அதை மட்டும் முதலில் காட்டுங்கோ என்றாள்.